மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள்: படத்தில் பதிந்தவையும் பதியாதவையும்

நடுவட்டத்துக்குப் புகைவண்டி வந்ததே இல்லை. உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், பைக்காராவைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்துள்ளது அவ்வூர். அங்குள்ள சிறுவன் புகைவண்டியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் பயணம் செய்து உதகைக்குத்தான் வரவேண்டும். ஆயினும் நீலகிரியின் நீராவி எஞ்சின்களைப் பற்றிய இக்கட்டுரையை நடுவட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஒரு தொழில் மறைந்த பின் எது எஞ்சுகிறது, எது எஞ்சாமற் போகிறது என்னும் கேள்விக்கு அவ்வூர் கண்கண்ட சான்றாக இருக்கிறது.

குளிர்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரம் தென்னமெரிக்க மலைகளுக்கு உரியது. கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவர 1860ஆம் ஆண்டளவில் பெரு நாட்டுக்குச் சென்றார். உதகைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த மக்ஐவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதனைப் பயிராக்கினார். அத்தோட்டங்களில் வேலை செய்யக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சென்னை மாகாணச் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த சீனர்கள் அவர்களுள் இருந்தனர். விடுதலை பெற்ற சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அம்மலையிலேயே குடியேறிவிட்டதை எட்கர் தர்ஸ்டன் தம் ஆய்வில் பதிவு செய்துள்ளார். பின்னர் கொயினா ஆலையும் நடுவட்டத்தில் எழுந்தது. செயற்கை மருந்துகள் வந்தபின் சின்கோனாவின் காலம் முடிந்தது. அந்நிலங்களில் தேயிலை தழைத்தது.

இன்று நடுவட்டத்துக்குச் செல்பவர்கள் அந்தப் பழைய சிறைக் கட்டடத்தைக் காணலாம். சுவர் இருக்கிறது, கம்பிக் கதவு இருக்கிறது. அங்கே மண்ணைக் கொத்தியவர்களின் பெயர்களைக் கேட்டால் சொல்வார் இல்லை. கல் நிலைத்தது; கை மறக்கப்பட்டது.

அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலுக்கு இந்த முடிவு இன்னும் நேரவில்லை. அதன் எஞ்சின்கள் இன்றும் புகை கக்கி மலையேறுகின்றன. உலகெங்கிலுமிருந்து வருவோர் அவற்றைப் படம் பிடிக்கின்றனர். தம் நினைவுகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். இரும்பு காக்கப்பட்டுவிட்டது என்று நாம் நிம்மதி அடையலாமா? அந்த இரும்பை இயக்கிய கைகளும் நினைவில் நிற்குமா? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

இருப்புப் பாதை வந்த வரலாறு

சென்னையிலிருந்து வந்த இருப்புப் பாதை 1873ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்தை எட்டியது. அதற்கு மேல் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் பல்லக்குமே கதி. மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனையோ அதற்கும் முந்தியது. 1854ஆம் ஆண்டிலேயே அது எழுந்துவிட்டது. திட்டங்கள் தீட்டப்படுவதும் கைவிடப்படுவதுமாகக் காலம் கழிந்தது. ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலை ரயிலை அமைத்த பொறியாளர் ரிக்கன்பாக் 1882ஆம் ஆண்டு சென்னை அரசின் அழைப்பின்பேரில் நீலகிரிக்கு வந்து மதிப்பீடு தந்தார். 1891ஆம் ஆண்டு ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கிவைத்தார். மூன்றே ஆண்டுகளில் அதனை நடத்திய கம்பெனி நொடித்துப் போயிற்று. 1896ஆம் ஆண்டு புதிய கம்பெனி ஒன்று உருவாகி வேலையைத் தொடர்ந்தது. 1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் குன்னூர் வரை பாதை திறக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டு அரசு அதனை விலைக்கு வாங்கியது. 1908ஆம் ஆண்டு அக்டோபரில் உதகமண்டலம் வரை ரயில் ஓடியது.

யோசனை பிறந்து முடிவு காண 54 ஆண்டுகள் ஆயின. மலை அத்தனை எளிதில் வழிவிடவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையமோ 2,203 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்ட 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் மிகக் கடுமையான ஏற்றம். 12 அடி முன்னேறினால் ஓர் அடி உயர வேண்டும். வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் அங்கே பிடிகொள்ளாது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் ரோமன் ஆப்ட் என்னும் ஸ்விஸ் பொறியாளர். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுள்ள இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாகப் பதிக்கப்படுகின்றன. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு அவை அமைகின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். ஏணியில் ஏறுபவன் ஒரு கையை எடுக்குமுன் மறு கையால் பற்றிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

எக்ஸ் வகை எஞ்சின்

இப்பாதையின் முதல் எஞ்சின்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பேயர் பீகாக் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இன்று நாம் காணும் ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களோ ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அங்கிருந்த ஸ்விஸ் எஞ்சின் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களையும், நாடு விடுதலை பெற்றபின் 1952ஆம் ஆண்டு மேலும் 5 எஞ்சின்களையும் செய்து அனுப்பியது. ஆக 17.

இவ்வெஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழேயுள்ள இரண்டும் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலேயுள்ள இரண்டும் பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்யும். கல்லாற்றைத் தாண்டிப் பல்சட்டத்தில் ஏறியதும், கீழே ஒருமுறை வேலை செய்த நீராவி வீணாக வெளியேறாமல் மேற்சிலிண்டர்களுக்குச் சென்று மறுமுறையும் வேலை செய்கிறது. ஒரே நெருப்பின் உழைப்பை இரண்டு தடவை வாங்கிக்கொள்ளும் சிக்கனம் இது. வெளியே நின்று பார்ப்பவருக்கு மேலும் கீழும் தண்டுகள் தனித்தனித் தாளத்தில் எதிரும் புதிருமாக அசைவது தெரியும். படம் பிடிப்போர் எஞ்சினின் பக்கவாட்டையே தேடி நிற்பதற்கு இதுவே காரணம்.

மலையேறும்போது எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டி ஏதேனும் கழன்றாலும் கீழே உருண்டோடாதபடி எஞ்சின் எப்போதும் இறக்கத்தின் பக்கமே நிற்கும். இதனால் டிரைவருக்கு முன்னுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடியசைத்துச் செய்தி சொல்வார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். எஞ்சினின் ஊதலைக் கேட்டு அவரவர் தம் பெட்டியின் பிரேக்கைப் போடுவதும் தளர்த்துவதும் உண்டு. ஒரு ரயிலை ஒரு டிரைவர் ஓட்டுகிறார் என்று நாம் சொல்லும் வழக்கு இந்த மலையில் செல்லாது. காது கொடுத்தும் கண் கொடுத்தும் பலர் சேர்ந்து ஓட்டும் ரயில் இது.

மலைப்பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம். உதகை போய்ச் சேர ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும். எஞ்சினுக்கு அடிக்கடி தாகம் எடுக்கும். ஹில்குரோவ் முதலிய இடங்களில் வண்டி நின்று தண்ணீர் பிடிக்கும். பயணிகள் இறங்கிக் காலாற நடப்பார்கள். காமிராக்கள் வெளிவருவதும் அப்போதுதான்.

நீராவியின் அந்திக்காலம்

எஞ்சின்களைப் படம் பிடிப்பது எப்படி ஓர் இயக்கமாயிற்று என்பதை அறிய மலையை விட்டுச் சற்றே வெளியுலகுக்குச் செல்ல வேண்டும். எதுவும் போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் மனிதன் அதனை உற்றுப் பார்க்கிறான். பிரிட்டனில் மூடப்படவிருந்த டாலிலின் என்ற சிறு ரயில் பாதையை 1951ஆம் ஆண்டு தொண்டர்களே ஏற்று நடத்தத் தொடங்கினர். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்ற படக்கலைஞர் 1955 முதல் ஐந்தாண்டுகள் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவு நேரங்களில் ஒளிவிளக்குகள் அமைத்துப் படமெடுத்தார். பிரிட்டிஷ் ரயில்வே 1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீராவிக்கு விடை கொடுத்தது. அதன்பின் அந்நாட்டு ஆர்வலர்கள் பலர், நீராவி இன்னும் உயிரோடிருந்த இந்தியாவை நாடி வந்தனர்.

இந்தியாவிலும் பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970ஆம் ஆண்டு தன் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினைச் செய்தது. ‘கடைசி நட்சத்திரம்’ எனப் பொருள்படும் ‘அந்திம் சிதாரா’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். 1972ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு நீராவி எஞ்சின் செய்யப்படவில்லை. அகலப்பாதையில் நீராவி எஞ்சினின் அன்றாட ஓட்டம் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவுற்றது. டெல்லியில் 1977ஆம் ஆண்டு ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை பெரம்பூரில் ஓர் அருங்காட்சியகம் 2002ஆம் ஆண்டு அமைந்தது. நிலையங்களின் முகப்பில் வண்ணம் பூசிய பழைய எஞ்சின்கள் மேடையேறின.

நீலகிரி எஞ்சின்களும் அவ்வாறே மேடையேறியிருக்கலாம். அவை தப்பியதற்கு முதற்காரணம் பாசம் என்று சொல்லிவிட முடியாது. பல்சட்டத்தைக் கவ்வி ஏறக்கூடிய மாற்று எஞ்சின் கையில் இல்லாமையே காரணம். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே பல்சட்டம் இல்லை. அங்கே வழக்கமாக டீசல் எஞ்சின் வந்துவிட்டது. குன்னூருக்குக் கீழே நீராவியே தொடர்ந்தது. தேவை அவற்றைக் காத்து வைத்தது. பாசம் பின்னால் வந்து சேர்ந்தது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இம்மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது அந்தப் பாசத்துக்கு உலக முத்திரை கிடைத்தது.

தலாத் தரும் பாடம்

அப்படி ஒரு தேவையும் பாசமும் சேராத இடத்தில் என்ன நேரும்? வியட்நாம் நாட்டின் தலாத் என்பதும் ஒரு குளிர்மலை நகரம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 84 கிலோமீட்டர் மலைப்பாதை அமைத்து 1932ஆம் ஆண்டு முடித்தனர். அதுவும் ஆப்ட் முறைப் பாதைதான். அதன் எஞ்சின்கள் சிலவும் அதே விண்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. நீலகிரி ரயிலின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லிவிடலாம்.

வியட்நாம் போர் அப்பாதையைச் சிதைத்தது. ஓட்டம் நின்றது. 1975ஆம் ஆண்டுக்குப் பின் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு வேறு பாதையைச் செப்பனிடப் பயன்பட்டன. எஞ்சின்கள் புதர் மண்டித் துருப்பிடித்துக் கிடந்தன. 1990ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து ஆர்வலர்கள் அவற்றைத் தேடிச்சென்று விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். அவற்றுள் சில பழுதுபார்க்கப்பட்டு இன்று ஸ்விட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதையில் ஓடுகின்றன. அந்தப் பாதையும் 1982ஆம் ஆண்டு சுரங்கவழி திறந்தபோது கைவிடப்பட்டுப் பின்னர் தொண்டர்களால் மீட்கப்பட்டதுதான்.

எஞ்சின்கள் பிழைத்தன; மகிழ்ச்சிதான். ஆனால் தலாத் மலையின் நிலை என்ன? ஏழு கிலோமீட்டர் அளவே அங்கு சுற்றுலாப் பாதையாக எஞ்சியது. எஞ்சின் பிறந்த நாட்டுக்குப் போய்விட்டது. அது வாழ்ந்த ஊர் அதனை இழந்துவிட்டது. பல்சட்டத்தில் வண்டி ஏற்றத் தெரிந்த கைகள் அங்கே வழித்தோன்றல் இன்றி முடிந்தன. நீலகிரியில் நடைபெறாமற்போன ஒன்றை அறிய விரும்புவோர் தலாத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காமிராவின் கண்

நீலகிரிக்கும் நிழற்படத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆல்பர்ட் பென் என்ற படக்கலைஞர் உதகையில் தொழில் நடத்தினார். 1960ஆம் ஆண்டு மத்திய அரசு இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் கருதி உதகையைத் தேர்ந்தெடுத்தது. 1967ஆம் ஆண்டு அங்கே உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்களை அந்நாளில் படம் எடுத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எஞ்சின் ஏறிய அதே மலையில்தான் அதன் உருவத்தைத் தாங்கிய ஃபிலிமும் செய்யப்பட்டது. பின்னர் அந்த ஆலை நலிவுற்று மூடப்பட்டுவிட்டது. கொயினா ஆலையின் வழியில் ஃபிலிம் ஆலையும் சென்றது.

1970களிலும் 1980களிலும் ரயிலைப் படமெடுப்பது எளிதாக இருக்கவில்லை. நிலையங்களிலும் பாலங்களிலும் படமெடுக்கத் தடை இருந்தது. முன்அனுமதி பெற வேண்டும். ஃபிலிம் சுருளில் 36 படங்களுக்கு மேல் எடுக்க இயலாது. எனவே ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுத்தார்கள். திரைப்படக்காரர்களும் மலைக்கு வந்தனர். பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் இறுதிக்காட்சி நடந்த கேத்தி நிலையத்தைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்துகொண்டது. டேவிட் லீன் எடுத்து 1984ஆம் ஆண்டு வெளிவந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் இம்மலை ரயில், கதையில் வரும் மராபார் குகைகளுக்குச் செல்லும் ரயிலாக வேடம் புனைந்தது.

இப்படங்கள் அனைத்தையும் ஒருசேரப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எஞ்சின் இருக்கிறது, புகை இருக்கிறது, பாலமும் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. மனிதர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். இருந்தாலும் பெயரில்லாமல் இருக்கிறார்கள். எஞ்சினின் எண்ணைத் தவறாமல் குறித்துவைக்கும் ஆர்வலர், அதன் அருகில் கரிபடிந்த முகத்தோடு நிற்கும் ஃபயர்மேனின் பெயரைக் கேட்டு எழுதுவதில்லை. ஐந்து மணி நேரம் நெருப்பின் முன்னால் நின்றவர் அவர். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் முதலில் ஓடிச் சென்று பார்க்கும் கேங்மேன் எந்தப் படத்திலும் இல்லை. 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழை நீலகிரியைச் சூறையாடியபோது பாதை பல இடங்களில் அறுந்தது. மண்ணை அகற்றி மறுபடியும் பாதையைக் கட்டியவர்கள் அவர்களே.

வின்ஸ்டன் லிங்கின் படங்கள் இன்றும் போற்றப்படுவதற்கு ஒரு காரணம் இங்கே நினைக்கத்தக்கது. அவர் எஞ்சினைத் தனித்து நிறுத்திப் படமெடுக்கவில்லை. வீட்டின் சன்னலருகே அமர்ந்திருப்பவர், தொழிலாளர், கடைக்காரர் என மக்களின் வாழ்வுக்குள் அது கடந்துசெல்வதைக் காட்டினார். அதன் ஓசையையும் ஒலிப்பதிவு செய்து வைத்தார். அப்படங்களைப் பார்ப்பவர் ஓர் எஞ்சினை மட்டும் அறிவதில்லை; ஒரு காலத்தையே அறிகிறார்.

நினைவும் சான்றும்

ரயில் ஆர்வலர்கள் கூடினால் நினைவுகள் பெருக்கெடுக்கும். அவை இனிமையானவை. எனினும் நினைவு மட்டுமே வரலாறு ஆகிவிடாது. மலை ரயிலைப் பற்றி அடிக்கடி கேட்கும் சில கூற்றுகளைச் சோதித்துப் பார்த்தால் இது விளங்கும்.

அவை ஆங்கிலேயர் செய்த எஞ்சின்கள் என்பார்கள். முதலில் வந்தவை அவ்வாறானவையே. இன்றைய எக்ஸ் வகைக்குப் பிறப்பிடம் ஸ்விட்சர்லாந்து. அத்தனையும் நூறாண்டு பழைமையானவை என்பார்கள். ஐந்து எஞ்சின்கள் 1952ஆம் ஆண்டில் வந்தவை. அதற்குப் பின் நம் நாட்டிலேயே செய்யப்பட்டவையும் உண்டு. மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை நீராவியில் சென்றதாகப் பலர் சொல்வார்கள். குன்னூரில் எஞ்சின் மாறியதை அவர்கள் தேநீர் அருந்தும் வேளையில் கவனித்திருக்க மாட்டார்கள். நிலக்கரிப் புகை கண்ணில் விழுந்ததாகச் சொல்வோரின் நினைவு பெரும்பாலும் சரியே. ஆனால் எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பல எஞ்சின்கள் எண்ணெயால் இயங்குமாறு மாற்றப்பட்டன. காட்டில் தீப்பொறி பறக்காதிருக்க அந்த மாற்றம் உதவியது.

இத்தகைய ஐயங்களை நீக்குவதில்தான் நிழற்படத்தின் பெரும்பயன் இருக்கிறது. எஞ்சினின் பக்கத்திலுள்ள எண் தகடு, கரி குவிந்துள்ளதா எண்ணெய்த் தொட்டி உள்ளதா என்பது, பெட்டிகளின் வண்ணம், நிலையப் பலகையின் எழுத்து, பின்னணியிலுள்ள மரம் முதலிய ஒவ்வொன்றும் சாட்சி சொல்லும். நாளும் இடமும் எழுதப்படாத படம், முகவரி இல்லாத கடிதத்துக்கு ஒப்பானது. சொல்ல வேண்டிய செய்தி உள்ளே இருக்கும், போய்ச் சேராது.

நிற்பதும் ஓடுவதும்

காத்தல் என்ற சொல்லுக்கு எஞ்சின்களின் உலகில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நெருப்பை அணைத்து, வண்ணம் பூசி, மேடையில் நிறுத்துவது. மற்றொன்று, ஓடவிட்டுக் காப்பது. முதலாவது எளிது, செலவும் குறைவு. இரண்டாவதற்கு நாள்தோறும் உழைப்பு வேண்டும். கொதிகலனின் குழாய்கள் அரிக்கும், பல்சக்கரம் தேயும், பிரேக் கட்டைகள் கரையும். ஒரு பாகம் பழுதானால் கடையில் வாங்க இயலாது. அதனைச் செய்த விண்டர்தூர் தொழிற்சாலை இப்போது எஞ்சின் செய்வதில்லை. குன்னூர் லோகோ ஷெட்டில் உள்ளவர்களும் திருச்சி பொன்மலைப் பணிமனையில் உள்ளவர்களுமே அதனைச் செய்தாக வேண்டும்.

செய்தும் காட்டினார்கள். பழையவற்றைப் பழுதுபார்ப்பதோடு நில்லாமல், பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014 வரை எண்ணெயால் இயங்கும் நான்கு புதிய எக்ஸ் வகை எஞ்சின்களை முழுமையாகச் செய்து மலைக்கு அனுப்பியது. 2021ஆம் ஆண்டு நிலக்கரியால் இயங்கும் புதிய எஞ்சினும் அங்கே உருவாயிற்று. உலகின் பெரும்பகுதி நீராவி எஞ்சினை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட்ட காலத்தில், தமிழகத்துத் தொழிலாளர்கள் அதனைப் புதிதாக வார்த்தெடுத்தார்கள் என்பது சாதாரணச் செய்தி அன்று. சென்னையிலும் இதற்கு ஒத்த செயல் நிகழ்ந்தது. 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்றிருந்த ‘எக்ஸ்பிரஸ்’ என்ற எஞ்சினைப் பெரம்பூர் பணிமனையினர் 2010ஆம் ஆண்டு உயிர்ப்பித்து ஓடவைத்தனர்.

இப்படிச் செய்வதற்கு வரைபடம் வேண்டும். வரைபடத்தில் இல்லாததையும் அறிந்த கை வேண்டும். எந்த மரையை எவ்வளவு இறுக்குவது, எந்த ஓசை கேட்டால் ஐயப்படுவது, கல்லாற்றில் பல்சட்டத்துக்குள் எஞ்சினை எப்படி மெல்ல நுழைப்பது என்பதெல்லாம் ஒருவர் அருகில் நின்று மற்றவர் கற்றவை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்த அறிவு கைமாறிக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் ஒரு தலைமுறைக்குள் அறிவு அற்றுப்போகும். பின்னர் நம்மிடம் இருக்கப்போவது நடுவட்டத்துச் சிறைச் சுவரைப் போன்ற ஒன்றுதான்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

இதெல்லாம் ரயில்வேயும் அறிஞர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். வணிகத்துக்காகவும் வேலைக்காகவும் மலையேறிய குடும்பங்கள் நம்முள் பல உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய காய்கறி மூட்டைகளோடும், கோடை விடுமுறைக்கு ஏறிய பிள்ளைகளோடும் இந்த ரயிலின் வரலாறு கலந்திருக்கிறது. ரயில்வேயில் பணியாற்றிய அத்தாவும் பாட்டனாரும் பல வீடுகளில் உண்டு. அவர்களது சீருடைப் படமும், எஞ்சினின் அருகே நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படமும் பெட்டிக்குள் மங்கிக்கொண்டிருக்கும்.

அப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார வேண்டும். இது எந்த நிலையம், எந்த ஆண்டு, பக்கத்தில் நிற்பவர் யார், அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். கிடைத்த விடையைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். மையால் அழுத்தி எழுதினால் முகப்பில் தழும்பு விழும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதுவது நன்று. பணிபுரிந்தவராக இருந்தால் படத்தோடு நில்லாமல், ஒரு நாளைய வேலை எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்பதைச் சொல்லச்செய்து பதிவு செய்ய வேண்டும். இன்று கைபேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. புதிதாகப் படம் எடுக்கச் செல்லும் இளைஞர்களும் எஞ்சினின் எண்ணைக் குறிக்கும் தாளிலேயே, அனுமதி பெற்று, அதனை ஓட்டியவர், நெருப்பிட்டவர், பிரேக் பிடித்தவர் ஆகியோரின் பெயர்களையும் குறித்து வரலாம்.

முன்னோர் விட்டுச்செல்லும் பொருள் நமக்கு அமானிதம். வீட்டையும் நிலத்தையும் அவ்வாறு கருதும் நாம், அவர்களது தொழிலறிவையும் பெயர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கத் தவறிவிடுகிறோம். நடுவட்டத்தில் சின்கோனா நட்டவர்களிடம் யாரும் பெயர் கேட்டு எழுதி வைக்கவில்லை; இனிக் கேட்கவும் வழியில்லை. குன்னூர் ஷெட்டில் எஞ்சினுக்கு நெருப்பிட்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.